போர்ட்டிக்சன் பாய்மரப் படகுப் பயிற்சி: பணம் கட்டும் முன் படியுங்கள்

ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். தீபாவளி விடுமுறைக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் மறுபடியும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது. இரண்டு நாள் வகுப்பு, ஆளுக்கு 680 வெள்ளி, முடிவில் அனைத்துலகச் சான்றிதழ். அதே ஆள், அதே படம். போன முறை பணம் கட்டிப் போனவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். போர்ட்டிக்சன் பக்கம்தான் என்றாலும், போனால் கால் நனைத்துவிட்டு இக்கான் பக்கார் சாப்பிட்டுத் திரும்புவதோடு சரி. ஆனால் 1999இல் அசார் மன்சோர் தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி லங்காவிக்குத் திரும்பியதைத் தொலைக்காட்சியில் வாய்பிளந்து பார்த்தவர்கள் நாங்கள். அந்த ஆசை உள்ளே எங்கேயோ கிடந்தது. ஆலையில் வேலை செய்யும் சிலர் குடும்பத்தோடு சேர்ந்தோம். ஒரு பெண்ணுக்குத் துணையாக அவளுடைய பெரியப்பாவும் வந்தார். லுமுட் கடற்படைத் தளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

கேபின் வைத்த பெரிய படகு. ஒன்பது பேரை ஏற்றினார், தன்னைக் ‘கேப்டன்’ என்று கூப்பிடச் சொன்ன அந்த மனிதர். மிதவை அங்கிகளில் பாதிக்கு ஜிப் இல்லை. ஒரு சின்னப் பையனுக்குப் பெரியவர்கள் அளவைக் கொடுத்திருந்தார்கள்; தோள்பட்டையைப் பிடித்து இழுத்தால் தலை வழியாக அப்படியே கழன்று வந்தது. கரையில் ஒரு வார்த்தை பாடம் கிடையாது. இஞ்சினை முடுக்கினார், கிளம்பிவிட்டோம். கொஞ்ச தூரம் போனதும் பெரிய பாயை ஏற்றினார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். இஞ்சின் மட்டும் நிற்கவே இல்லை.

பெரியப்பாதான் என் காதருகில் சொன்னார்: “தம்பி, அந்தக் கொடியைப் பாரு. காத்து நேரா மூக்குல அடிக்குது. இந்தத் திசையில எந்தப் பாயும் படகை இழுக்காது. இஞ்சின்தான் தள்ளுது.”

பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகைக்குள் படகின் முகத்தைத் திருப்பினால் பாய் காற்றைப் பிடிக்காது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என வளைந்து வளைந்துதான் போக வேண்டும். கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு முதல் பாடமே இதுதானாம். கேப்டன் வாயில் இது கடைசி வரை வரவில்லை. சுக்கானை ஆளாளுக்குச் சில நிமிடம் கொடுத்தார், அதுவும் படம் எடுக்க.

திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம். படகை அவர் சட்டென்று திருப்ப, பாயின் அடியில் படுக்கையாக இருக்கும் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசிக்கொண்டு வந்தது. குனியச் சொல்ல ஆளில்லை. நின்றுகொண்டிருந்த ஓர் அக்காவின் தலைக் கிளிப்பைத் தட்டிக்கொண்டு போனது. இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் நேராக மருத்துவமனைதான். கேப்டன் சிரித்தார். எனக்குப் பணத்தைவிட அந்தச் சிரிப்புதான் இன்னும் எரிகிறது.

மறுநாள் காலையில் செய்தி: “சுமத்ரா காற்று. வகுப்பு இல்லை.” நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அது விளையாட்டுக் காற்று இல்லை. தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் மழையோடு மோதும். அப்படிப்பட்ட நேரத்தில் புதியவர்களை அழைத்துப் போகாதவர்தான் நல்ல ஆசிரியர். ஆனால் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும். அன்று மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் அவருடைய முகநூலில், அதே படகில் பலூன் கட்டி யாரோ பிறந்தநாள் கொண்டாடிய படங்கள். மாற்று நாள் கேட்டோம். “காத்துக்கு நான் என்னங்க பண்றது?”

சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. தங்க முத்திரை, ‘இன்டர்நேஷனல் ஸ்கிப்பர்’ (படகுத் தலைவர்) பட்டம். பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் பாடத்திட்டத்தைப் பல நாடுகளில் நடத்துகிறார்கள். அதில் சின்னப் படகுக்கான முதல் நிலைக்கே வழக்கமாக இரண்டு நாள், இரண்டாம் நிலைக்கு இன்னும் இரண்டு நாள். பெரிய படகில் துணை ஆளாக வேலை பழக ஐந்து நாள். ஸ்கிப்பர் எல்லாம் அதற்கும் மேலே. எங்களை அரை நாளில் ஸ்கிப்பர் ஆக்கிவிட்டார்.

உண்மையான பயிற்சி எப்படி இருக்கும் என்று பிறகு வேறு இடத்தில் பார்த்தேன். ஆப்டிமிஸ்ட் என்ற 2.3 மீட்டர் படகு, ஒரே பாய், ஆளுக்கொன்றாகப் பிள்ளைகள். வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்கிறார்கள். பிள்ளை நீந்திப் போய், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையை மிதித்துப் படகை நிமிர்த்தி, உள்ளே ஏறித் தண்ணீரை இறைக்கிறது. ஆசிரியர் பக்கத்திலேயே மீட்புப் படகில். ஆகவே யாரிடம் சேர்ந்தாலும் கேளுங்கள்: எவ்வளவு நேரம் சுக்கான் என் கையில் இருக்கும், எப்போது இஞ்சினை அணைப்பீர்கள், கவிழ்ந்தால் நிமிர்த்தப் பழக்குவீர்களா, வானிலையால் ரத்தானால் மாற்று நாள் உண்டா. கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நீலக் குறி விழுந்தது, அப்புறம் எண்ணைத் தடுத்துவிட்டார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். சிக்கல் வேறு இடத்தில்: மனுவில் யார் பெயரை எழுதுவது? விளம்பரத்தில் உள்ள நிறுவனப் பெயர், நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம் பதிவில் கிடைக்கவில்லை. பணம் போனதோ யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு. அந்த எண்ணோடு போலீஸ் புகார் கொடுத்திருக்கிறோம். கட்டும் முன்பே நிறுவனப் பெயரை எஸ்எஸ்எம்மிலும், வங்கிக் கணக்கு எண்ணை மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்திலும் தேடிப் பாருங்கள்.

தீபாவளி வகுப்புக்கு ஏற்கெனவே முன்பணம் அனுப்பியவர்கள் மீதியை அனுப்ப வேண்டாம். வங்கி ரசீதையும் புலனச் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு இந்தப் பதிவின் கீழ் சொல்லுங்கள். எங்கள் புகார் எண்ணைத் தருகிறேன், உங்கள் புகாரில் அதையும் குறிப்பிடலாம்.