டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி++: எட்டு வருஷமும் ஒரு கீயும்

போன வாரம் லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்ற வேண்டி வந்தது. கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, என் ஃபைல்களையும் காப்பி செய்து கொடுத்தார். சி, சி++ மொழிகளில் புரோகிராம் எழுதி ஓட்ட உதவும் பழைய மென்பொருளான டர்போ சி++ இருந்த ஃபோல்டர் பத்திரமாக இருந்தது. இன்றைய விண்டோஸில் அதை ஓடவைக்கும் டாஸ்பாக்ஸை மட்டும் மறுபடி இறக்கிப் போட்டேன். அன்று சாயந்தரம் டியூஷன் பையன்களுக்காக லிங்க்டு லிஸ்ட் புரோகிராம் ஒன்றை எழுபது வரிக்கு அடித்து முடித்துவிட்டு, ஓட்டிப் பார்க்கலாம் என்று கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினேன்.

ஜன்னல் காணாமல் போனது. எரர் வரவில்லை. சேவ் செய்யட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விண்டோஸின் அந்த நீலப் பூ மட்டும் திரை முழுக்க விரிந்து கிடந்தது.

தெரியாதவர்களுக்காக: டர்போ சி++இல் கன்ட்ரோல் எஃப்9 என்றால் புரோகிராமை ஓட்டு. டாஸ்பாக்ஸில் அதே கன்ட்ரோல் எஃப்9 என்றால் கடையைச் சாத்து. வாசலில் உட்கார்ந்திருப்பது டாஸ்பாக்ஸ் என்பதால் கீயை அதுதான் முதலில் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் டர்போவுக்குச் செய்தியே போய்ச் சேர்வதில்லை.

அதே வாரம் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் கேட்டார்: "சார், பாப்பாவுக்கு காலேஜ்ல லேப் எல்லாம் டர்போ சி-யிலதானாம். புது லேப்டாப்ல போட முடியுமா? போட்டா நல்லா இருக்குமா?" முதல் கேள்விக்கு அங்கேயே முடியும் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளப் பதில்.

டர்போ சி++ 3.0 வந்தது 1991இல். அது 16 பிட் டாஸ் புரோகிராம். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது, விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பும் கிடையாது. ஆகவே ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டரையே போலியாக உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸ் தேவைப்படுகிறது. காசு கிடையாது. நான் இதை வைத்திருக்கும் இந்த எட்டு வருஷத்தில் தானாக ஒருமுறைகூட அது நின்றதில்லை. நின்றபோதெல்லாம் நிறுத்தியது என் விரல்தான்.

இந்த கீ சண்டை எஃப்9 ஒன்றோடு முடிந்தால் பரவாயில்லை. டர்போவில் ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல் எஃப்1 அழுத்தினால் அந்தச் சொல்லுக்கான உதவிப் பக்கம் திறக்கும். அற்புதமான வசதி. டாஸ்பாக்ஸுக்குள் அதை அழுத்தினால் எந்த கீக்கு என்ன வேலை என்று மாற்றும், கீபோர்டு படம் போட்ட ஒரு மேப்பர் திரை வந்து நிற்கும். கன்ட்ரோல் எஃப்8 என்பது டர்போவில் பிரேக்பாயின்ட், அதாவது புரோகிராம் இந்த வரியில் நிற்கட்டும் என்ற அடையாளம். டாஸ்பாக்ஸில் அது ஃபிரேம் ஸ்கிப்பைக் கூட்டுவது, அதாவது திரைப் படங்களை இடையிடையே விட்டுவிட்டுக் காட்டுவது. பிரேக்பாயின்ட் விழவில்லையே என்று நாலு தரம் அழுத்தினால் திரை தவணை முறையில் வர ஆரம்பிக்கும். ஒரு மாறியின் மதிப்பைக் கண்காணிக்க வாட்ச் போடும் கன்ட்ரோல் எஃப்7 டாஸ்பாக்ஸில் ஃபிரேம் ஸ்கிப்பைக் குறைக்கும் என்பது ஒரு ஆறுதல். வாட்ச் மட்டும் விழாது.

நியாயமாகப் பேசினால் இதில் யார் மேலும் குற்றமில்லை. டாஸ்பாக்ஸைச் செய்தவர்கள் பழைய கேம்களுக்காகச் செய்தார்கள், அப்படித்தான் சொல்லியும் இருக்கிறார்கள். கேம் தொங்கிப்போனால் சட்டென்று வெளியேற ஒரு கீ வேண்டும், வைத்தார்கள். டர்போ வந்து பத்து வருஷம் கழித்துத்தான் டாஸ்பாக்ஸே வந்தது. நம் ஊர்க் காலேஜ்கள் டாஸ்பாக்ஸுக்குள் ஒரு கம்பைலரை (எழுதிய புரோகிராமை ஓடும்படி மாற்றித் தரும் மென்பொருள்) வைத்து ரெக்கார்டு நோட்டு எழுதவைக்கும் என்று யாருக்குத் தெரியும்? இதெல்லாம் எனக்குப் புரிகிறது. எழுபது வரி போன பிறகு புரிந்து என்ன செய்ய?

தீர்வு சின்னதுதான். கன்ட்ரோல் எஃப்1 அழுத்தி மேப்பரைத் திறந்து, ஷட்டவுன் என்பதைத் தேர்ந்தெடுத்து, டெல் பட்டனால் அந்த கீயைக் கழற்றிவிட்டு, சேவ் கொடுக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. அதற்கப்புறம் கன்ட்ரோல் எஃப்9 ஒழுங்காக டர்போவுக்குப் போகும். மூடவேண்டும் என்றால் ஜன்னலின் மூலையில் பெருக்கல் குறி இருக்கவே இருக்கிறது. ஆனால் இந்த மாற்றம் போய் உட்காரும் இடம் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டர். கடைக்காரர் டாக்குமென்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் காப்பி செய்தார், அதை எடுக்கவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, நானே மறந்துதான் போயிருந்தேன்.

நான் முன்பு வேலை பார்த்த காலேஜ் லேபில் நாற்பது மெஷின். எல்லாவற்றிலும் யாரோ பொட்டலம் கட்டி வைத்த டர்போ சி, உள்ளே டாஸ்பாக்ஸ், மேப்பர் மாற்றாதது. ஒரு பிராக்டிகல் தேர்வில் ஒரு பெண் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மேட்ரிக்ஸ் பெருக்கல் எழுதிவிட்டாள். வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்று, "ரன் பண்ணிக் காட்டும்மா" என்றார். காட்டினாள். வெறும் டெஸ்க்டாப்பை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல மனுஷர், திரும்ப எழுத நேரம் கொடுத்தார். மறுநாளே நாற்பது மெஷினிலும் நான் உட்கார்ந்து அந்த கீயைக் கழற்றினேன்.

இவ்வளவு திட்டியும் எதற்காக எட்டு வருஷம் வைத்திருக்கிறேன் என்றால், வேகத்துக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், வேகமின்மைக்காக.

எண்களை வரிசையாக அடுக்கும் இரண்டு முறைகளான பபிள் சார்ட்டும் குயிக் சார்ட்டும் ஏன் வேறு என்று போர்டில் எவ்வளவு எழுதினாலும் பையன்களுக்கு அது சூத்திரம்தான். இன்றைய கம்பைலரில் நூறு எண்களைக் கொடுத்தால் இரண்டுமே கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். டாஸ்பாக்ஸில் வேகத்தை நிர்ணயிக்க சைக்கிள்ஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. அதை 3000 என்று நிலையாக வைத்தால் லேப்டாப் ஒரு கிழட்டு மெஷின் மாதிரி நடக்கும். கன்ட்ரோல் எஃப்11 அழுத்த அழுத்த இன்னும் தளரும், எஃப்12 என்றால் சுறுசுறுப்பாகும். டர்போவின் கிராஃபிக்ஸ் லைப்ரரியில், அந்த 640க்கு 480 திரையில், நூறு பார்களை, அதாவது வெவ்வேறு உயரக் கம்பங்களை, நிற்கவைத்து உயர வரிசையில் அடுக்கச் சொல்வேன். பபிள் சார்ட்டில் பெரிய பார் ஒவ்வொன்றாக வலது பக்கம் ஊர்ந்து போவது தெரியும். பையன்கள் கொட்டாவி விடுவார்கள். அப்புறம் அதே வேகத்தில் குயிக் சார்ட்டை ஓட்டுவேன். கொட்டாவி முடிவதற்குள் அடுக்கி நிற்கும். அதற்கப்புறம் யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

இன்னொன்று, 8 ஃபேக்டோரியல், அதாவது 1 முதல் 8 வரை பெருக்கிய விடை. கணக்குப்படி 40320 வரவேண்டும். டர்போவில் விடையை இன்ட் (முழு எண்) என்று எழுதினால் -25216 வரும், ஏனென்றால் அதில் இன்ட் 16 பிட்தான், 32767க்கு மேல் தாங்காது. 7 வரை ஒழுங்காக வந்த விடை 8இல் மைனஸில் குதிக்கும்போது பையன்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! புதிய கம்பைலரில் இன்ட் பெரிது என்பதால் இந்தத் தப்பு 13 வரை ஒளிந்துகொள்ளும்.

சின்னக் குறை ஒன்று: டாஸ்பாக்ஸ் ஜன்னல் தபால் தலை அளவுக்குத்தான் வரும். அதன் அமைப்பு ஃபைலில் ஜன்னல் அளவை மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது. அவுட்புட் என்ற வரியில் சர்ஃபேஸ் என்று இருப்பதை ஓபன்ஜிஎல் என்று மாற்றினால்தான் அந்த அளவை மதிக்கும். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

சரி, பாப்பாவுக்குப் போடலாமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சி++க்குத் தரம் நிர்ணயித்தது 1998இல், இந்தக் கம்பைலர் அதற்கு ஏழு வருஷம் மூத்தது. இதில் பழகினால் இன்றைய கம்பைலர்கள் ஏற்காத பழைய பழக்கங்களான வாய்ட் மெயினும், கிளியர்ஸ்கிரீனும், புள்ளி எச் போட்ட ஐஓஸ்ட்ரீமும் கையில் ஒட்டிக்கொள்ளும். வேலைக்கான தேர்வில் உட்காரும்போது ஒன்றும் கம்பைல் ஆகாது. நம் 11ஆம் வகுப்புப் பாடநூலே 2018இல் டெவ் சி++ என்ற புதிய மென்பொருளுக்கு மாறிவிட்டது. அதே மாதிரி இன்றைய மென்பொருளான கோட்பிளாக்ஸ் போட்டுக் கொடுங்கள், காலேஜில் அழுத வேண்டியதைக் காலேஜில் அழட்டும் என்றேன்.

"நீங்க மட்டும் வச்சிருக்கீங்களே சார்?" என்றார். போன மாதம் கேட்டிருந்தால் பார் அடுக்கும் கதையைச் சொல்லி நானே போட்டும் கொடுத்திருப்பேன். இந்த வாரம் கேட்டார். அந்த எழுபது வரியை நான் இன்னும் திரும்ப அடிக்கவில்லை.