மலிவு விலை வாளித் தேன் வாங்கி மீட் போடுகிறவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் வீட்டிலேயே மீட் (தேன் மது) போடுகிற நம்மவர்கள் யாராவது 'பண்ணைத் தேன், மொத்த விலை' என்று ஆன்லைனில் பார்த்து வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். அதில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கலாம். ஊரில் இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம், தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். இங்கே விற்காமல் நாமே குடிக்கிற வரை தடையில்லை.

பெரிய அளவில் போட்டால் செலவு முழுக்கத் தேனில்தான் போகும். லிட்டருக்கு 300 கிராம் போட்டால்தான் 11, 12 சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். 90 லிட்டருக்கு 27 கிலோ! பக்கத்து ஊர் தேனீ வளர்ப்பவர் சொன்னதில் பாதி விலைக்கு, 13.6 கிலோ வாளி ஒன்று 60 பவுண்டு என்று ஒருவர் விற்றார். இரண்டு வாங்கினேன்.

விற்பனைப் பக்கத்தில் ஒரு வீடியோ வேறு. டம்ளர் தண்ணீரில் தேனை விடுகிறார், அது கரையாமல் அடியில் போய் உட்காருகிறது. நம் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் செய்வார்கள். ஆனால் கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் அடியில் போய் உட்காரும். தீக்குச்சி, செய்தித்தாள், எறும்பு எதையும் நம்பாதீர்கள்.

ஹைட்ரோமீட்டரும் (கரைசலின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) காட்டிக்கொடுக்காது. கணக்குப்படி 1.088 காட்டியது. ஈஸ்டுக்குத் தேன் என்ன, பாகு என்ன, சர்க்கரை இருந்தால் போதும். தேனில் நைட்ரஜன் குறைவு என்று நாம் எப்படியும் ஈஸ்டுக்குச் சத்துப்பொடி போடுகிறோம், அதனால் நொதித்தல் ஜோராக நடந்து 0.998இல் நின்றது. தெளிந்த பிறகு வாயில் வைத்தால்தான் தெரிகிறது: பூ மணம் இல்லை, லேசான புளிப்பு இல்லை, தண்ணீர் கலந்த வோட்கா மாதிரி இருக்கிறது. 90 லிட்டரும்.

அப்புறம் காலி வாளியை வெந்நீர் விட்டுக் கழுவும்போது, தேனீப் படம் போட்ட பண்ணை லேபிளின் ஓரம் கிளம்பியது. உரித்தால் அடியில் இன்னொரு லேபிள், வேறொரு பேக்கிங் கம்பெனியின் பெயரோடு 'பல நாட்டுத் தேன்களின் கலவை' என்று. போட்டோ எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். பழைய வாளியைத் திரும்பப் பயன்படுத்தினோம், உங்கள் ஈஸ்டில்தான் கோளாறு என்று பதில் வந்தது. உணவு விற்கிறவர் சொல்கிற பேச்சா இது?

பாகு கலந்திருக்கிறது என்று லேப் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாதுதான். லேபிலும் எல்லாச் சோதனையும் உதவாது. கார்பன் ஐசோடோப் சோதனை கரும்பு, மக்காச்சோளப் பாகைப் பிடிக்கும், அரிசிப் பாகும் பீட் சர்க்கரைப் பாகும் அதில் தப்பிவிடும். சந்தை நிலவரம் தெரிய வேண்டுமானால், ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இறக்குமதியான 320 மாதிரிகளில் 46 சதவீதம் சந்தேகத்துக்குரியவை. பிரிட்டனிலிருந்து போன பத்து மாதிரிகளில் பத்துமே அந்தப் பட்டியலில்.

பணம் திரும்ப வருமா? பொருள் சொன்னபடி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்க 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. மீட் தெளிய மாதக்கணக்காகும், 30 நாள் எங்கே நிற்கும்? அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் இழுபறிதான். கிரெடிட் கார்டின் செக்‌ஷன் 75 பாதுகாப்பும் (விற்றவரோடு கார்டு நிறுவனமும் பொறுப்பு என்கிற சட்டப் பிரிவு) ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால்தான். வாளிக்கு 60 என்பதால் அந்தக் கதவும் சாத்தியாகிவிட்டது. வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கியே திரும்பக் கேட்பது) கேட்டிருக்கிறேன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு வழியாக, வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் புகார் போயிருக்கிறது.

எங்கே வாங்கினாலும், வாளி வந்த அன்றே லேபிளைச் சுரண்டிப் பாருங்கள். ஒரு ஸ்பூன் அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். வெறும் இனிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கிறதென்றால் திறந்த கையோடு மூடி, திருப்பி அனுப்புங்கள். அனுப்பும் முன் ஒரு ஜாடித் தேன் எடுத்து ஓரமாக வையுங்கள், புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

செலவு குறைய வேண்டுமென்றால் உள்ளூர் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் கேளுங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டிய தேனை (ஹெதர் என்ற புதர்ப் பூவின் தேன் நீங்கலாக) அவர்கள் சாதாரணத் தேனாக விற்க முடியாது, மீட்டுக்கு அது ஒரு குறையே இல்லை. அடையின் மெழுகு மூடியைச் சீவும்போது அதில் ஒட்டிவரும் தேனைக் கழுவி எடுத்த தண்ணீரும் கிடைக்கும். ஆகஸ்டில் தேன் எடுப்பதற்கு முன்பே சொல்லி வையுங்கள், வாளியும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.