"நம்பவே மாட்டீங்க"ளா, "சென்னிமலை போர்வை"யா?

போன ஆடிக்கு எங்கள் போர்வைக் கடைக்கு இரண்டு நோட்டீஸ் அடித்தோம். மச்சான் எழுதியது: "நம்பவே மாட்டீங்க! பாதி விலையில் போர்வை!" நான் எழுதியது: "சென்னிமலை போர்வை, டபுள் சைஸ், 650 ரூபாய்". அவருடையது ஈரோட்டுக்கும் காங்கேயத்துக்கும், என்னுடையது பெருந்துறைக்கும் பேப்பருக்குள் வைத்துப் போனது. நான் எந்தக் கட்சி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் இழுப்பதில் மச்சான்தான் கெட்டி. போன் ஓயவே இல்லை. எனக்கு வந்த போன் குறைவு, ஆனால் பேசியவர்கள் "எட்டு வேணுங்க, கலர் என்னென்ன இருக்குது?" என்றே ஆரம்பித்தார்கள்.

வினை அதற்கப்புறம்தான். பாதி விலைக்கு ஒதுக்கியது கோடு பிசகி நெய்த இருபது போர்வை. முதல் நாள் மதியமே தீர்ந்துவிட்டது. மறுநாள் காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு ஆத்தா, சுருக்குப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த நோட்டீஸைப் பிரித்துக் காட்டி, "ஏங்கண்ணு, இதுல ஒண்ணு போட்டிருக்குது, நீ ஒண்ணு சொல்ற?" என்றார். கைநஷ்டத்துக்கு ஒன்று கொடுத்து அனுப்பினோம். குறைந்த விலை காட்டி அழைத்தால் அந்த விலைக்குப் போதுமான சரக்கும் இருக்க வேண்டும் என்று 2022-லேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்திருப்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய செலவு, அந்தத் தலைப்பைக் கட்டி மேய்ப்பது. ஆடிக்கே நம்ப மாட்டீங்க என்றால் தீபாவளிக்கு என்ன சொல்வது? மச்சான் மூன்று நாள் யோசித்து "கடை காலி!" என்றார். நிஜமாகவே கடையை மூடுகிறோம் என்று ஊர் பேசிவிடும் என்று தடுத்தேன். என் நோட்டீஸில் மாறியது விலை மட்டும்: நூல் ஏறியதால் 680.

கூகுள் தேடல் விளம்பரத்திலும் இதே கதை. ஒரு தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். சென்னிமலை என்பது நமக்கு ஐந்து எழுத்து. அங்கே கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு, ஒன்பது ஆகிவிடும். "நம்பவே மாட்டீங்க" எண்ணிப் பார்த்தால் 16. "சென்னிமலை போர்வை"யும் 16. ஒன்றில் ஊரும் சரக்கும் வந்துவிட்டது. மற்றதில் பாதி இடம் போயும் என்ன விற்கிறோம் என்றே வரவில்லை.

ஆனால் என் தலைப்பு ஓடுவது, போர்வைக்குப் பேர்போன சென்னிமலை என்ற ஊர்ப்பேரின் புண்ணியத்தில். புதிதாக இறக்கிய மிதியடிக்கு "மிதியடி 90 ரூபாய்" என்று போட்டேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேர் இல்லாத சரக்குக்கு மச்சான் வழி தேவைப்படலாம். யூடியூபிலும் அவர் வழி எடுபடலாம். நாங்கள் போட்டதே நாலு வீடியோ, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தீபாவளி நோட்டீஸில் ஒரு ஆச்சரியக்குறியாவது வேண்டும் என்று மச்சான் அடம்பிடித்தார். 680-க்குப் பின்னால் ஒன்று போட்டுக் கொடுத்தேன்.