டிமோலோல் சொட்டா, லட்டானோபிராஸ்ட் சொட்டா?

கிளாக்கோமாவுக்கு, அதாவது பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய்க்கு, விடும் சொட்டு மருந்து கண்ணோடு நின்றுவிடுவதில்லை. கண்ணின் உள்மூலையில் இருக்கும் சிறு துளை வழியாக மூக்குக்கு இறங்கி, மருந்தைச் சிதைக்கும் கல்லீரலைத் தொடாமலே ரத்தத்தில் கலந்துவிடும். டிமோலோல் என்றால் நான் யோசிப்பது இதனால்தான். அமெரிக்காவில் 1978-ல் அனுமதி பெற்றது, விலை குறைவு, நல்ல மருந்து. ஆனால் அது ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் வகை மருந்து. நாடித்துடிப்பைக் குறைக்கும், பிரஷரை இறக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். ஏற்கெனவே பிரஷருக்கு அதே வகையைச் சேர்ந்த அட்டெனோலால் மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டும் சேர்ந்து தலைசுற்றல், மயக்கம் வரை போகலாம். "சொட்டு மருந்துதானே" என்று இதய மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறோமே, சிக்கல் அங்கேதான்.

லட்டானோபிராஸ்ட் இரவில் ஒரு சொட்டு போதும். டிமோலோல் பெரும்பாலும் இருவேளை. லட்டானோபிராஸ்ட் இதயத்தை அநேகமாகத் தொந்தரவு செய்யாது. கண் சிவக்கலாம், இமைமுடி நீளலாம், விழியின் நிறம் கொஞ்சம் கருக்கலாம். இதயத்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்கள் லட்டானோபிராஸ்ட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். டிமோலோலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், எந்தச் சொட்டானாலும் சரி, விட்டதும் கண்ணை மூடி உள்மூலையை விரலால் 2 நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். மூக்கு வழியே உடலுக்குள் போவது நன்றாகக் குறையும்.