டப்ளினை அடக்க முற்றுகையா, நேரடிப் போரா?

டப்ளினை ஆண்ட வைக்கிங்குகளை (ஸ்காண்டிநேவியக் கடலோடிகளை) எதிர்த்த அயர்லாந்து மன்னர்களில் யார் வழி மேலானது என்று குழம்புவோர், மாயில் செக்னலின் 989ஆம் ஆண்டு டப்ளின் முற்றுகையையும், பிரையன் போருவின் 1014ஆம் ஆண்டு குளொண்டார்ஃப் போரையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இழப்பு: 20 இரவுகள் நீண்ட முற்றுகையில் நகருக்குள் குடிக்கக் கடல்நீர் மட்டுமே மிஞ்சியது என்கின்றன ஆண்டுக்குறிப்புகள். குளொண்டார்ஃபிலோ, வென்ற தரப்பின் பிரையனும் மகன் முர்கத்தும் பேரனும் புனித வெள்ளி ஒரே நாளில் மாண்டனர்.

பயன்: முற்றுகை, மனைக்கு ஓர் அவுன்ஸ் பொன் என்று கிறிஸ்துமஸ் இரவில் செலுத்தும் வரியை நகரின்மேல் விதிக்க வைத்தது. போருக்குப் பின்னும், கோட்டைக்குள்ளேயே இருந்துவிட்ட வைக்கிங் மன்னர் சிட்ரிக் 1036 வரை டப்ளினை ஆண்டார்; பிரையன் கொடுத்த விலைக்குக் கிடைத்த பயன் குறைவுதான்.

நகரின் செல்வத்தை நாடுபவருக்கு முற்றுகை பொருந்தும். குளொண்டார்ஃபில் போரிட, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னித் தீவுகளிலிருந்து கடல் கடந்து வந்த அத்தீவுகளின் தலைவர் சிகுர்டின் படையைத் தடுக்கப் போரே வழி.