நெர்ஹாவா, டொரெமோலினோஸா? கடைசி வண்டியை வைத்து ஒரு கணக்கு

ஸ்பெயினின் தெற்குக் கரையில் மாலகா நகரத்துக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் நெர்ஹா. மேற்கே 14 கிலோமீட்டரில் டொரெமோலினோஸ். கோஸ்டா தெல் சோல் என்ற ஒரே கடற்கரையில்தான் இரண்டும் இருக்கின்றன. ஒரு வாரம் ஓரிடத்தில் தங்கி, தினம் ஓர் ஊர் பார்த்துவிட்டு வர எது தோது என்று விசாரித்தபோது எல்லோரும் நெர்ஹாவைத்தான் சொன்னார்கள். முதல் தடவை அங்கேதான் தங்கினோம். அடுத்த வருஷம் டொரெமோலினோஸ். இரண்டு முறையும் ஜூன் மாதம். நான், மனைவி, அம்மா. கார் எடுக்கவில்லை. இனி எத்தனை தடவை போனாலும் டொரெமோலினோஸில்தான் அறை எடுப்பேன்.

அழகில் நெர்ஹாவோடு போட்டியே இல்லை, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். வெள்ளை வீடுகள், பாறைக்கு நடுவே சின்னச் சின்னக் கடற்கரைகள், கடலுக்குள் நீட்டி நிற்கும் ‘ஐரோப்பாவின் பால்கனி’ என்ற முற்றம். 1884 டிசம்பரில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரைப் பார்க்க வந்த அரசர் 12ஆம் அல்ஃபோன்ஸோ அந்தப் பெயரை வைத்ததாகச் சொல்வார்கள். அவருடைய சிலை அங்கே கம்பியில் சாய்ந்து நிற்கிறது. டொரெமோலினோஸில் ரயிலை விட்டு இறங்கினால் அறுபது எழுபதுகளில் கட்டிய அடுக்குமாடிகள்தான் கண்ணில் படும். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்காடா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார். மூன்றாம் நாள் அந்தக் கேள்வி அவருக்கே மறந்துவிட்டது.

பக்கத்திலேயே பார்க்க வேண்டியவை என்று எடுத்தாலும் நெர்ஹா பணக்கார ஊர். 1959 ஜனவரியில் வௌவால்களைத் தேடிப் போன ஐந்து பையன்கள் கண்டுபிடித்த குகை ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர். உள்ளே 32 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புத் தூண். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். குகைக்குப் போகும் வழியில் நான்கு அடுக்கு வளைவுகளோடு ஒரு நீர்ப்பாலம். கரும்பாலைக்குத் தண்ணீர் கொண்டுபோக 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. மலைப்பக்கம் ஆறு கிலோமீட்டர் ஏறினால் ஃப்ரிஹிலியானா. படிக்கட்டுத் தெருக்கள், வாசல்தோறும் பூந்தொட்டிகள். அந்த ஊரில் இன்றைக்கும் கரும்புச் சாறு காய்ச்சிப் பாகு எடுக்கும் ஆலை இருக்கிறது. கத்தரிக்காயை மாவில் தோய்த்துப் பொரித்து அந்தப் பாகை மேலே ஊற்றித் தருவார்கள். வெல்லப்பாகின் வாசம், ஓரத்தில் லேசான கசப்பு. அம்மா இரண்டாவது தட்டு கேட்டார்.

அப்படியானால் ஏன் டொரெமோலினோஸ்? திரும்பி வரும் வழிதான் காரணம்.

நெர்ஹாவுக்கு ரயில் கிடையாது. எங்கே போனாலும் பேருந்துதான், மாலகாவுக்கே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். காலையில் புறப்படும்போது இது ஒரு குறையாகவே தெரியாது. ஜன்னலோரம் கடல் வேறு. சாயங்காலம்தான் வினை. கிரானடாவுக்குப் போன நாளைச் சொல்கிறேன். அல்ஹாம்ப்ரா கோட்டையை எதிர்க் குன்றிலிருந்து, சான் நிகோலாஸ் தேவாலயத்து முற்றத்தில் உட்கார்ந்து, சூரியன் இறங்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அங்கே ஏறுகிறார்கள். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை தாண்டும். நெர்ஹாவுக்கு நேரே போகும் பேருந்துகளோ நாளுக்குச் சில. சுவர் இன்னும் வெளிறிய மஞ்சளாகவே இருந்தபோது எழுந்து வந்துவிட்டோம். சிவக்கும் என்றார்கள், நாங்கள் பார்க்கவில்லை. இன்னொரு நாள் மாலகாவிலிருந்து திரும்ப நின்றிருந்தபோது வந்த பேருந்தில் இடமே இல்லை. ஓட்டுநர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வண்டி வரும்வரை அம்மாவை நிறுத்தத்துச் சுவரோரம் உட்கார வைத்துக்கொண்டு நின்றது இன்னும் உறுத்துகிறது.

டொரெமோலினோஸில் ஊர் நடுவிலேயே, தரைக்கு அடியில் ரயில் நிலையம். மாலகாவுக்கும் ஃபுவென்ஹிரோலாவுக்கும் நடுவே ஓடும் சி-1 புறநகர் ரயில் இருபது நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது. மாலகா நடுவூருக்கு அரை மணிக்கும் குறைவு. டிக்கெட் இரண்டு யூரோவை ஒட்டித்தான். விமான நிலையமும் அதே தடத்தில் இருப்பதால் முதல் நாளும் கடைசி நாளும் டாக்ஸிச் செலவு மிச்சம். இதையெல்லாம்விட, மாலகாவிலிருந்து இரவு 11 மணிக்கு மேலும் வண்டி இருக்கிறது.

அந்தப் பதினொரு மணி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அந்த ஊர் வாழ்க்கையே ராத்திரியில்தான் நடக்கிறது. மதியச் சாப்பாடு இரண்டரைக்கு. பிறகு பல கடைகள் ஐந்து ஐந்தரை வரை மூடிக் கிடக்கும். எட்டு மணிக்கு மேல்தான் தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, தள்ளுவண்டிக் குழந்தை என்று குடும்பம் மொத்தமும் குளித்து, தலைவாரி, நல்ல துணி போட்டுத் தெருவில் நடக்க வரும். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு முன்னால் கிடையாது. ஏழு மணிக்குப் பேருந்து பிடிக்க ஓடுகிறவர்கள் பார்ப்பது கட்டடங்களையும் பூட்டிய கதவுகளையும்தான். நெர்ஹாவில் தங்கிய வாரம் முழுக்க எங்களுக்கு அதுதான் நடந்தது.

இரண்டாவது வருஷம் ஒரு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கிளம்பினோம். ரயிலில் மாலகா, அங்கிருந்து 11ஆம் எண் நகரப் பேருந்தில் பெத்ரெகலேஹோ. மீனவர் குடியிருப்பாக இருந்த இடம். மணலில் ஒரு பழைய படகு, அதில் பாதிக்கு மணல் நிரப்பி, மேலே விறகுத் தணல். ஒருவர் நாணல் குச்சியைச் சீவி, ஆறு மத்தி மீன்களை முதுகெலும்புக்கு அடியில் ஒரே கோடாகக் குத்தி, கல்லுப்பைத் தூவி, குச்சியைத் தணலுக்குப் பக்கத்தில் சாய்த்து நடுகிறார். தீ மேலே கிடையாது. பக்கவாட்டுச் சூட்டிலேயே வேக வேண்டும். காற்று திரும்பினால் அவரும் குச்சிகளைத் திருப்பி நடுகிறார். தோல் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்துத் தட்டில் உருவிப் போட்டார். எஸ்பேத்தோ என்று பெயர், கையால்தான் சாப்பிட வேண்டும். பெயரில் ‘ர’ வராத மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் மத்தி மீனில் கொழுப்பு ஏறி ருசியாக இருக்கும் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. ஸ்பானிய மொழியிலும் அந்த நான்கு பெயர்களில் ‘ர’ இல்லை. பத்தரைக்கும் புதுக் குடும்பங்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. நாங்கள் மணியைப் பார்க்கவே இல்லை.

அம்மா மீன் சாப்பிடமாட்டார். அவருக்கு அஹோபிளாங்கோ கிடைத்தது: பாதாமும் பூண்டும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த வெள்ளைச் சாறு, மேலே திராட்சை. சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: காய்கறி சாலட் என்று கேட்டாலும் மேலே சூரை மீனைத் தூவிக் கொண்டுவருவார்கள். ‘ஸின் அத்தூன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காபிக்கும் மாலகாவில் தனி அகராதி உண்டு. பாலும் டிகாஷனும் சரிபாதி என்றால் மித்தாத், பால் தூக்கலாக வேண்டுமென்றால் ஸோம்ப்ரா, டிகாஷன் சும்மா நிறத்துக்கு மட்டும் என்றால் நூபே, அதாவது மேகம். அம்மா இரண்டாம் நாளே மித்தாத் என்று தானே கேட்டு வாங்கப் பழகிவிட்டார்.

தூர ஊர்களுக்கும் இதே கணக்குத்தான். கிரானடா நெர்ஹாவிலிருந்துதான் கிட்டே என்று வரைபடம் சொல்லும். ஆனால் மாலகாவிலிருந்து கிரானடாவுக்குப் பேருந்துகள் ஏராளம். மாலகா பேருந்து நிலையமும் மரியா ஸாம்பிரானோ ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். அங்கிருந்தே அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் கோர்தோபா. காலையில் போய் மசூதியாக இருந்து தேவாலயமாக மாறிய கட்டடத்தின் சிவப்பு வெள்ளை வளைவுகளைப் பார்த்துவிட்டு, நிதானமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பினோம்.

டொரெமோலினோஸ் ஊரிலும் அடுக்குமாடி மட்டும் இல்லை. கடலோரமாக மேற்கே நடந்தால் லா கரிவேலா, தாழ்ந்த வெள்ளை வீடுகளோடு பழைய மீனவர் தெரு. பாதை சமதளம், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமமில்லை. ஊர் நடுவிலிருந்து பஹோந்தில்யோ கரைக்கு இறங்கும் படிக்கட்டு மட்டும் நீளம். அம்மா நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தார். ஞாயிறன்று மாலகாக் குடும்பங்கள் மடக்கு மேசை, ஐஸ் பெட்டி, உருளைக்கிழங்கு ஆம்லெட் சகிதம் அதே ரயிலில் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். எங்களுக்குக் குடை நிழலில் இடம் கொடுத்த ஒரு பாட்டி, அம்மா கையில் தர்பூசணித் துண்டைத் திணித்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மணி நேரம் பேசினார்கள்.

நெர்ஹா யாருக்குச் சரி? கார் ஓட்டத் தயங்காதவர்களுக்கு நான் சொன்ன குறையே பொருந்தாமல் போகலாம். நாங்கள் அங்கே ஓட்டிப் பார்க்கவில்லை. எங்கும் அலையாமல் குளிப்பதும் படிப்பதுமாக இருக்க நினைப்பவர்களுக்கும் அதுவே மேல், பாறைக் கரைகளில் தண்ணீர் இன்னும் தெளிவு. ஆகஸ்ட் கூட்டத்தில் இரண்டு ஊரும் எப்படி இருக்கும் என்று நான் சொன்னால் அது கேள்விஞானம்தான். ஒரு நாள் மட்டும் நெர்ஹாவைப் பார்த்துவர ஆசை என்றால் டொரெமோலினோஸிலிருந்தே போகலாம். காலையில் குகை, மதியம் ஃப்ரிஹிலியானாவில் கத்தரிக்காய். திரும்பும் பேருந்துக்கு மட்டும் காலையிலேயே இருக்கை எடுத்துவிடுங்கள்.