பழைய போர்ஷே வாங்கி 17 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைப் பறிகொடுத்தேன்: வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலைதான் அவர்களிடமிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. கோபம் ஆறிவிட்டால் எனக்கே வெட்கம் வந்து எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். நான் இழந்த தொகை 17 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். விற்றவர்களின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். பழைய சொகுசுக் கார்களையும் ஸ்போர்ட்ஸ் கார்களையும் இணையத்தில் படம் போட்டு, பெங்களூரில் கண்ணாடிச் சுவர் வைத்த காட்சிக்கூடத்தில் நிறுத்தி விற்கும் ஒரு நிறுவனம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் உதிரிகளுக்குத் துளை கடைந்து, அந்தத் துளையின் உள்விட்டத்தை போர் கேஜ் வைத்து மைக்ரான் கணக்கில் அளந்து பிழைப்பவன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வேலியைப் பிடித்துக்கொண்டு பந்தயம் பார்த்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு போர்ஷே வாங்கும் ஆசை உண்டு. புதிது வாங்க வசதி இல்லை. ஆகவே நான்கு ஆண்டுகளாகப் பழைய வண்டிகளின் விலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த விலைக் கணக்கு எனக்கு மனப்பாடம். நம் நாட்டில் முழுதாக இறக்குமதியாகும், 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள காருக்கு 2025 தொடக்கம் வரை பல ஆண்டுகளாக 100 சதவீதம் சுங்கவரி இருந்தது. அதற்கு மேல் மற்ற வரிகளும் பதிவுச் செலவும் சேரும். முதல் உரிமையாளர் கட்டிய அந்த வரியில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே கரைந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டாம் கையில் வாங்குபவருக்கு அது மலிவாகத் தெரிகிறது. டெல்லி வண்டி என்றால் இன்னும் மலிவு. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்த பிறகு, கெடு நெருங்கிய கார்களெல்லாம் தடையில்லாச் சான்றோடு தெற்கே வரத் தொடங்கின. உலகச் சந்தையில் எது விலை நிற்கும், எது நிற்காது என்பதும் தெரியும். காற்றால் குளிரும் இன்ஜின் கொண்ட கடைசி போர்ஷே 911 ஆன 993 மாடலுக்கு இருக்கும் மதிப்பு அதற்கு அடுத்து வந்த 996-க்கு இல்லை. ஃபெராரி எஃப்430-இல் கையால் கியர் மாற்றும் வண்டிக்கு, அதே ஆண்டின் தானியங்கி கிளட்ச் வண்டியைவிட வெகுவாகக் கூடுதல் விலை. இவ்வளவும் தெரிந்தவன்தான் ஏமாந்தேன். விலையைப் பார்த்தேனே தவிர வண்டியைப் பார்க்கவில்லை.

நான் வாங்கியது போர்ஷேயின் கேமன் எஸ். 2008 டிசம்பரில் டெல்லியில் பதிவானது, வெள்ளி நிறம், ஆறு கியர், மேனுவல். மீட்டரில் 31,000 கிலோமீட்டர். பேரம் பேசி முடித்த விலை 29 லட்சம். இந்த மாடலில் 2008 வரை வந்த இன்ஜினுக்கும் 2009 மாடலாக வந்த இன்ஜினுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பழைய இன்ஜினில் சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு அல்ல, அலுமினியத்தோடு சிலிக்கான் துகள்கள் செறிந்த படலம். பிஸ்டன் பக்கவாட்டுப் பூச்சு தேய்ந்துவிட்டால் அலுமினியம் அந்தச் சுவரில் நேராக உரசிச் செங்குத்துக் கீறல்களைப் போட்டுவிடும். பெரும்பாலும் 4, 5, 6 என்ற மூன்று சிலிண்டர்கள் இருக்கும் பக்கத்தில்தான் இது தொடங்குகிறது. அந்த இன்ஜினுக்குள் ஓடும் இடைத்தண்டின் (வால்வுகளை இயக்கும் சங்கிலிகளைச் சுழற்றும் தண்டு) பேரிங்கும் கவலைக்குரியது. 2006-க்குப் பிந்தையவற்றில் இன்ஜினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. ஆகவேதான் ஒரே தோற்றமுள்ள இரண்டு வண்டிகளுக்கு இடையே லட்சக்கணக்கில் விலை வேறுபடுகிறது.

விளம்பரத்தில் “2008/2009” என்று போட்டிருந்தார்கள். அது பழைய இன்ஜின்தான் என்று ஆர்.சி.யைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, 3,387 சி.சி. என்று இருந்தது. புதியது 3,436. அதைச் சொல்லி ஒரு லட்சம் குறைத்தேன். அப்போது எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

காட்சிக்கூடத்தில் என்னை வரவேற்ற விற்பனை அலுவலர் எங்கள் பக்கத்துக் கோபிக்காரர் (கோபிச்செட்டிப்பாளையம்). முப்பது வயது இருக்கும். நான் தமிழ் பேசியதும் முகமே மாறிவிட்டது. உள்ளே காபி இயந்திரம் இருந்தும் என்னை வெளியே அழைத்துப்போய்த் தேநீர் வாங்கித் தந்தார். அந்தத் தேநீர்க் கடை வாசலில் நான் நேரடியாகவே கேட்டேன்: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்த பிறகு பணம் தருகிறேன் என்று. அவர் மறுக்கவே இல்லை.

“தாராளமாப் பாருங்ணா. ஆனா அதுக்கு மூணு நாள் ஆகும். சனிக்கிழமை புனேல இருந்து ஒருத்தர் டோக்கன் போட வர்றாருங்க. நம்மூர்க்காரருக்குக் கெட்ட வண்டியக் குடுத்துட்டு நான் எப்படிங்ணா கோபிக்குப் போய் முகம் காட்டறது? பிடிக்கலைன்னா ஒரு வருசத்துக்குள்ள நாங்களே திருப்பி எடுத்துக்கறோம். 85 சதவீதம் கையில குடுத்தர்றோம். எழுத்துலயே தர்றனுங்.”

எழுத்தில் தந்தார். நிறுவனத்தின் தாளில், முத்திரையோடு. அந்த ஒரு தாள்தான் என் கண்ணைக் கட்டியது. 29 லட்சத்தில் 85 சதவீதம் 24 லட்சத்து 65 ஆயிரம்; ஒரு வருடம் ஓட்டி மகிழ்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் நாலேகால் லட்சத்தைச் சற்றுத் தாண்டித்தான் நட்டம் என்று தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கக்கூடிய அந்தக் கேமராச் சோதனையை அங்கேயே கைவிட்டேன். போர்ஷே நிறுவனம் தான் அங்கீகரிக்கும் பழைய கார்களுக்கு 111 அம்சங்களைச் சோதிப்பது வழக்கம். இவர்கள் தந்த பளபளப்பான அறிக்கையில் 200 அம்சங்கள் இருந்தன. அந்த இருநூறில் சிலிண்டர் துளை இல்லை. சிகரெட் பற்றவைப்பான் இருந்தது. நான் போனபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததையும் கவனித்தேன், கேட்கவில்லை. குளிர்ந்த இன்ஜினில் மட்டுமே கேட்கும் ஒரு சத்தத்தை மறைக்க அதைவிட எளிய வழி கிடையாது.

வண்டி கோவைக்கு வந்து ஏழு வாரம். ஓட்டியது 1,140 கிலோமீட்டர். இரண்டாவது வாரத்திலேயே காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஐந்தாவது வாரத்தில் ஆயில் குறைவு விளக்கு எரிந்தது. ஜெர்மன் கார்களை மட்டும் பார்க்கும் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பிளக்குகளைக் கழற்றிக் கேமராவை விட்டார். திரையை என் பக்கம் திருப்பினார், எதுவும் பேசவில்லை. 4, 5, 6 மூன்றிலும் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது போன்ற கோடுகள். என் பட்டறையில் ஒரு பையன் இப்படி ஒரு துளையைக் கொண்டுவந்து வைத்தால் கழிவுப் பெட்டியில் போடச் சொல்லியிருப்பேன். அதற்கு நான் 29 லட்சம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து அவர் ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியில் பதிவாகியிருந்த ஓட்ட நேரத்தை எடுத்தார். 2,380 மணி நேரம். 31,000 கிலோமீட்டரை அதனால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். ஸ்போர்ட்ஸ் காரை ஒருவர் பதினைந்து ஆண்டு சைக்கிள் வேகத்தில் ஓட்டியிருக்க வேண்டும்! நகர ஓட்டம் என்று மணிக்கு 30 வைத்தாலே எழுபதாயிரத்தைத் தாண்டுகிறது. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். சர்வீஸ் புத்தகத்தில் 2014-க்குப் பிறகு முத்திரையே இல்லை என்பதும், “புதிது போல” என்று சொல்லப்பட்ட டயரின் பக்கவாட்டில் 1116 என்று, அதாவது 2016-இன் 11ஆவது வாரம் என்று, பொறித்திருந்ததும் அன்றுதான் என் கண்ணில் பட்டன.

இனி அவர்கள் என்னை அலைக்கழித்த விதம். முதல் அழைப்பில் கோபிக்காரர் சிரித்தார்: “ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தானுங்ணா சத்தம் வரும்.” இரண்டாவது அழைப்பில், நல்ல பெட்ரோல் போடச் சொன்னார். மூன்றாவது அழைப்பில் நான் “கீறல்” என்ற சொல்லைச் சொன்னதும் “ங்ணா” போய் “சார்” வந்துவிட்டது. “சார், நீங்க மெயில் போட்டுடுங்க.” அதன்பின் அவர் என் எண்ணை எடுக்கவில்லை. மின்னஞ்சல் போட்டால், 72 மணி நேரத்தில் பதில் வரும் என்று ஒரு தானியங்கிப் பதில். 72 மணி நேரம் கழித்து, புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இன்னொன்று. நேரில் போனேன். காவலாளி தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன். என் எதிரிலேயே ஒரு இளைஞருக்கு வேறொரு காரின் சாவியை, மாலை போட்டுக் கைதட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் வந்த மேலாளர், கோபிக்காரர் வேறு கிளைக்கு மாறிவிட்டார் என்றும், திரும்ப வாங்கும் உறுதியின் 11ஆவது விதியைப் படிக்கவில்லையா என்றும் கேட்டார்.

படித்தேன். தாளின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. வண்டி “நல்ல இயங்கு நிலையில்” இருந்தால் மட்டும், “நிறுவனம் நிர்ணயிக்கும் அன்றைய சந்தை மதிப்பில்” 85 சதவீதம். என் 29 லட்சத்தில் அல்ல. கெட்ட வண்டியை விற்றவரே, அது கெட்டுவிட்டது என்பதால் திருப்பி எடுக்கமாட்டார். நேற்று வந்த மின்னஞ்சல் அதைத்தான் மூன்று பத்திகளில் மரியாதையாகச் சொல்கிறது. இன்ஜினைப் பிரித்து, பிளாக்கின் சிலிண்டர்களுக்கு ஸ்லீவ் (புதிய உள்ளுறை) போட்டு, உதிரிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து முடிக்க 12 லட்சத்துக்குக் குறையாது என்கிறார் மெக்கானிக். இருக்கும் நிலையில் மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டேன். அதிகபட்சம் 11 லட்சத்து 50 ஆயிரம். 29 லட்சத்தில் அதைக் கழித்தால் 17 லட்சத்து 50 ஆயிரம். லாரி வாடகை, சோதனைச் செலவு, பெங்களூருக்குப் போய்வந்த செலவு இதில் சேரவில்லை. பட்டறைக்கு ஒரு நல்ல சி.என்.சி. இயந்திரம் வாங்க முன்பணமாக எடுத்துவைத்திருந்த பணம் அது என்பதை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் நான் வசிக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் மாவட்ட ஆணையமே போதும். நல்லவேளையாக வண்டியைப் பட்டறையின் பெயரில் வாங்காமல் என் பெயரில் வாங்கினேன். இல்லாவிட்டால் வணிக நோக்கம் என்று ஒரு வாதத்தையும் எடுத்திருப்பார்கள்.

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. வண்டியைப் பார்க்கப் போகும்போது முதல் நாள் இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சிலிண்டர் கேமராச் சோதனையும் இன்ஜின் ஓட்ட நேரமும் இல்லாமல் டோக்கன் அட்வான்ஸ் ஆயிரம் ரூபாய்கூடத் தராதீர்கள். சோதிப்பவர் நீங்கள் பணம் கொடுத்து அழைத்துச் செல்பவராக இருக்கட்டும். சேஸி எண்ணின் 10ஆவது எழுத்துதான் மாடல் ஆண்டு, பதிவுத் தேதி அல்ல. வெளிமாநில வண்டி என்றால் இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியை முன்கூட்டியே விசாரியுங்கள். 15 ஆண்டு முடியும் இறக்குமதிக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் மட்டுமே 2022 ஏப்ரலிலிருந்து 40,000 ரூபாய். புனேக்காரர் சனிக்கிழமை வரட்டும், வாங்கிக்கொண்டு போகட்டும். திரும்ப வாங்கும் தாளைத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்னொரு கேமன் எஸ் வந்திருக்கிறது. கறுப்பு நிறம், 2007, டெல்லிப் பதிவு, ஓட்டம் 28,000 கிலோமீட்டர், “200 அம்சச் சோதனை முடிந்தது”. வேறொரு பெயரில், அதன் இன்ஜின் ஓட்ட நேரம் எத்தனை என்று மட்டும் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். 72 மணி நேரத்தில் பதில் வரும் என்று பதில் வந்திருக்கிறது.